வியட்நாம் படகு அகதிகள்: 1979 ஜெனீவாவில் யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள்?

முத்துநகர் (இழையைத் தொடங்கியவர்)

தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்தது 1975 ஏப்ரல் 30. கடல்வழிக் கூட்டம் பெருத்ததோ 1978 கடைசியில். 1979 ஜூலை 20, 21 தேதிகளில் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடின, அதன் பிறகு படகுகளை விரட்டுவது பெரும்பாலும் அடங்கியது. இதுவரை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். குழப்பம் அதற்கு மேல்தான். "ஜெனீவா ஒப்பந்தம்" என்கிறார்கள். தேடினால் ஒப்பந்த வாசகமே அகப்படவில்லை. எந்த நாடு எதற்குக் கட்டுப்பட்டது? எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றால் பத்து வருஷம் கழித்து, 1989-ல், அதே ஊரில் மறுபடி ஏன் உட்கார்ந்தார்கள்?

கண்ணீர்க் கதைகள் நிறைய வாசித்தாயிற்று. ஏற்பாடு எப்படி ஓடியது, எங்கே சிக்கியது என்பது தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கோப்புத்தூசி

வாசகம் அகப்படாததற்குக் காரணம் எளிது. அப்படி ஒன்று கையெழுத்தாகவே இல்லை. கூட்டத்தைக் கூட்டியவர் ஐ.நா. பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைம். யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கடைசியில் அவர் தொகுத்துச் சொன்னார். நீங்கள் தேடும் "ஒப்பந்தம்" அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தொகுப்புக்குள் மூன்று வாக்குறுதிகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. மேற்கு நாடுகள் ஆட்களை வேகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வியட்நாம் படகு கிளம்புவதைத் தடுத்து, போக விரும்புகிறவர்களை விமானத்தில் அனுப்ப வேண்டும். இந்த இரண்டும் நடக்கிறவரை ஆசியான் நாடுகள் கரையேற விடும். முக்காலி மாதிரி. ஒரு கால் நொடித்தால் உட்கார்ந்திருப்பவன் கீழே. 1988-89-ல் நொடித்தது முதல் கால். அதற்குப் பிறகு வருகிறேன்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் நிலைமை இது. ஜூன் மாதம் மட்டும் 54,000 பேர் வந்து சேர்ந்தார்கள். அப்போது ஆசியானில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஐந்தே நாடுகள். பாலியில் கூடிய அவற்றின் வெளியுறவு அமைச்சர்கள் ஜூன் 30 அன்று, தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டோம், இனிப் புதிதாக யாரையும் ஏற்க மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். 1975 முதல் அதுவரை வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றிலிருந்தும் அந்த நாடுகளுக்கு வந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 50 ஆயிரம். அதில் வேறு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 2 லட்சம். மீதி முகாம்களில் தேங்கிக் கிடந்தது. அமைச்சர்கள் பேசியது இந்தத் தேக்கத்தைப் பற்றித்தான்.

ஜெனீவாவில் குடியமர்த்தும் இடங்கள் 1,25,000-லிருந்து 2,60,000 ஆக ஏறின. அமெரிக்கா மாதம் 7,000 என்றிருந்ததை 14,000 ஆக்கியது. கார்ட்டர் இதை ஜூன் கடைசியில் டோக்கியோ உச்சி மாநாட்டிலேயே சொல்லிவிட்டார். பணமும் பொருளுமாகப் புதிதாக வந்த வாக்கு சுமார் 16 கோடி டாலர். இந்தோனேசியா காலாங் தீவையும் பிலிப்பைன்ஸ் பத்தானையும் இடைத்தங்கல் மையங்களுக்கு ஒதுக்கின. வெளிநாடு தேர்ந்தெடுத்துவிட்ட ஆளை அங்கே நகர்த்தி விட்டால் முதலில் வந்த முகாமில் இடம் காலியாகும். பேச்சுகளைவிட இந்த இட நகர்த்தல்தான் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் உறைத்தது.

விளைவு: அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் வருகை மாதம் 2,600 வரை இறங்கியது. அடுத்த ஒன்றரை ஆண்டில் நான்கரை லட்சம் பேருக்கு மேல் முகாம்களிலிருந்து கிளம்பினார்கள்.

பாரதிப்பிரியன்

அப்படியானால் ஜூனில் படகுகளை இழுத்துக் கடலில் விட்ட மலேசியா, 1951 அகதிகள் உடன்படிக்கையை அப்பட்டமாக மீறியது என்றுதானே அர்த்தம்?

பினாங்குப் படகுத்துறை

இல்லை. மலேசியா அந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை. இன்று வரை சேரவில்லை. தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூரும் அப்படியே. பிலிப்பைன்ஸ் சேர்ந்தது 1981-ல். ஹாங்காங் பிரிட்டனின் கையில் இருந்தது, பிரிட்டன் சேர்ந்த நாடு. ஆனாலும் உடன்படிக்கையை ஹாங்காங்குக்கு நீட்டவில்லை. ஆக, தென்சீனக் கடலில் ஒரு படகு எந்தக் கரையில் முட்டினாலும் அங்கே உடன்படிக்கைச் சட்டம் கையில் இல்லாத அரசாங்கம்தான் நின்றது. மலேசிய அரசின் காகிதங்களில் அவர்கள் "சட்டவிரோதக் குடியேறிகள்". அகதி என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தார்கள், சொன்னால் பொறுப்பு வந்துவிடும் என்று.

சட்டம் இல்லாத இடத்தில் பேரம்தான் இருக்கும். 1979 ஜூனில் துணைப் பிரதமர் மகாதீர், கண்டதும் சுடச் சட்டம் கொண்டுவருவோம் என்று சொன்னதாகச் செய்தி உலகமெங்கும் ஓடியது. பிறகு, சொன்னது "ஷூட்" அல்ல, "ஷூ", அதாவது விரட்டுவது என்று விளக்கம் வந்தது. பிரதமர் உசேன் ஓன் சுடுவதை மறுத்தார், விரட்டுவதை மறுக்கவில்லை. படகுகளை மடக்கியது "ஏழாம் பணிப்படை" என்ற கூட்டுப்படை. எஞ்சின் ஓடினால் சரிபார்த்து, தண்ணீரும் எரிபொருளும் கொடுத்து, கயிறு கட்டி எல்லைக்கு வெளியே இழுத்து விடுவார்கள். இது தெரிந்ததும் படகுக்காரர்கள் கரை கண்ணில் பட்டவுடன் தாங்களே எஞ்சினை உடைத்தார்கள், பலகையைப் பிளந்தார்கள். ஓட்டையான படகை இழுக்க முடியாது. கரைக்குக் கிட்டே நடந்த சாவுகளில் சில இதனால் வந்தவை.

பூலாவ் பிடோங் கணக்கையும் பாருங்கள். திரெங்கானு கரைக்கு அப்பால் உள்ள தீவு, பரப்பு சுமார் ஒரு சதுர கிலோமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் மலைச்சரிவு. 1978 ஆகஸ்டில் முகாமாகத் திறந்தார்கள். 1979 ஜூனில் அதில் 40,000 பேர். தட்டிய தகரம், படகுப் பலகை, நீலத் தார்ப்பாய் இவற்றால் இரண்டு மூன்று அடுக்குக் குடிசை. கிணற்று நீர் போதவில்லை, அதனால் தண்ணீரும் அரிசியும் பெருநிலத்திலிருந்து படகில் போக வேண்டும். பருவமழைக் காலத்தில் அந்தப் படகு ஓடாது. இதற்குள் திரெங்கானு மீனவக் கிராமங்களில் சந்தை விலை ஏறிவிட்டது என்ற முறுமுறுப்பு வேறு. கோலாலம்பூர் கணக்குப் போட்டது இதை வைத்துத்தான்: எத்தனை பேர் வெளியே போகிறார்களோ அத்தனை பேர் உள்ளே வரலாம்.

வடலிக்காற்று

ஹாய் ஹொங் கப்பலைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. இந்தப் பேரம் தொடங்கினதே அதில எண்டுதான் நான் விளங்கி வைச்சிருக்கிறன். பொன் குடுத்து வந்தவையை அகதி எண்டு சொல்லலாமோ எண்ட கேள்வியும் அங்கதான் வந்தது. அதோட, எங்கட சனம் கடலால போனதுக்கு ஏன் இப்பிடி ஒரு மாநாடு கூடேல்லை எண்டதையும் ஆரும் எழுதினால் நல்லம்.

நெறியாளர்

கடைசிக் கேள்விக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே வியட்நாம் மட்டும்.

கோப்புத்தூசி

ஹாய் ஹொங், 1978 நவம்பர். பழைய சரக்குக் கப்பல், உள்ளே சுமார் 2,500 பேர். கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டது. மலேசியா சொன்ன வாதம்: இது உயிர்தப்பி வந்த படகல்ல, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து ஓட்டும் வியாபாரம், ஆகவே இறக்க மாட்டோம். யு.என்.எச்.சி.ஆர். (ஐ.நா. அகதிகள் ஆணையம்) முதலில் தயங்கியது, பிறகு இவர்களும் தன் பொறுப்பில் வருபவர்களே என்றது.

முடிச்சு அவிழ்ந்த விதம் கவனிக்கத்தக்கது. கனடா 604 பேரை எடுப்பதாகச் சொன்னது. மேற்கு ஜெர்மனியில் கீழ்ச் சாக்சனி மாநில முதல்வர் எர்ன்ஸ்ட் அல்பிரெக்ட் 1,000 பேர் என்றார். பிரான்ஸ், அமெரிக்காவும் சேர்ந்தன. அதன் பிறகுதான் ஆட்கள் கப்பலை விட்டு இறங்கினார்கள், அதுவும் நேராக விமானத்துக்கு. இறங்கும் இடம் தருவது ஒரு நாடு, வாழும் இடம் தருவது வேறு நாடு, இரண்டாவது நாட்டின் எழுத்து வந்தால்தான் முதல் நாட்டின் கதவு திறக்கும். எட்டு மாதம் கழித்து ஜெனீவாவில் பேசியதும் இதே கணக்குத்தான், பல மடங்காக.

அதே டிசம்பரில் ஹூய் ஃபொங் 3,300 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஹாங்காங் வாசலில் நின்றது. 1979 ஜனவரி 19 அன்று இறக்கினார்கள். அதிகாரிகள் கப்பலைச் சோதித்தபோது இயந்திர அறையில் ஒளித்த தங்கம் அகப்பட்டது. கப்பல் தலைவர் உள்ளிட்டோர் மேல் வழக்கு நடந்தது. பிப்ரவரியில் வந்த ஸ்கைலக்கை நாலரை மாதம் இறக்கவே இல்லை. ஜூன் 29 அன்று உள்ளே இருந்தவர்கள் நங்கூரச் சங்கிலியை அறுத்துவிட, கப்பல் லாமா தீவுப் பாறையில் ஏறி நின்றது. இறக்காமல் வேறு வழி?

பொன் விஷயம். 1978 நடுவிலிருந்து ஓராண்டுக்கு, வியட்நாமின் பொதுப் பாதுகாப்புத் துறையே இடைத்தரகர்கள் மூலம் வசூலித்தது. போனவர்களில் பெரும்பாலோர் சீன வம்சாவளியினர். வயது வந்தவருக்குச் சுமார் 10 டேல், பிள்ளைகளுக்குப் பாதி. ஒரு டேல் 37.5 கிராம். நம் கணக்கில் ஆளுக்கு ஏறக்குறைய 47 பவுன். தகடாக, மெல்லிய இதழாகக் கொடுப்பது வழக்கம். காசு கொடுத்தால் அகதி இல்லை என்பது தவறான வாதம். வீடும் கடையும் பறிபோய், ஊரை விட்டுப் போ என்று அரசே தள்ளும்போது கொடுக்கிற பொன், பயணச்சீட்டு ஆகாது. ஆனால் அந்த வாதத்துக்குப் பத்திரிகைகளில் நல்ல விலை கிடைத்தது.

சட்டப்புள்ளி

எல்லாரும் ஜெனீவாவைப் பாராட்டிக்கொண்டே போகிறீர்கள். இரண்டாவது காலைப் பாருங்கள். "நியாயமான காலத்துக்கு" சட்டவிரோதப் புறப்பாட்டைத் தடுக்க எல்லா முயற்சியும் எடுப்பதாக வியட்நாம் ஒப்புக்கொண்டது என்று வால்ட்ஹைம் அறிவித்தார். பச்சையாகச் சொன்னால், ஹனோய் தன் மக்களைப் பூட்டி வைக்க 65 நாடுகள் கூடி நன்றி சொல்லின. தன் நாடு உட்பட எந்த நாட்டையும் விட்டு வெளியேற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 13-வது பிரிவு. இதே அமெரிக்கா, சோவியத் யூனியன் யூதர்களை வெளியே விடவில்லை என்று 1974-ல் வணிகச் சட்டத்தில் ஜாக்சன்-வானிக் திருத்தம் போட்டுத் தண்டித்தது. ஐந்து வருஷத்தில் நியாயம் தலைகீழ். பிடிபட்டவர்கள் சிறைக்கும் மறுகல்வி முகாமுக்கும் போனார்கள். அது மாநாட்டுக் கணக்கில் ஏறவில்லை. வருகை 2,600 ஆக இறங்கியதில் எத்தனை பங்கு நிம்மதி, எத்தனை பங்கு பூட்டு?

அமெரிக்கத் துணை அதிபர் மான்டேல் அந்த மேடையில் 1938 எவியான் மாநாட்டை நினைவுபடுத்திப் பேசினார். யூத அகதிகளை உலகம் கைவிட்ட இடம் அது. நல்ல பேச்சு. ஆனால் எவியானில் கூடியவர்கள் யாரும் ஜெர்மனியைப் பார்த்து வாசலைப் பூட்டு என்று கேட்கவில்லை.

கோப்புத்தூசி

பூட்டு என்ற குற்றச்சாட்டு சரி, மறுக்க மாட்டேன். ஆனால் பூட்டோடு ஒரு சாவியும் கொடுத்தார்கள், அதை விட்டுவிட்டீர்கள். ஒழுங்குமுறைப் புறப்பாட்டுத் திட்டம். மாநாட்டுக்கு முன்பே, 1979 மே 30 அன்று, யு.என்.எச்.சி.ஆரும் ஹனோயும் ஏழு அம்சப் புரிந்துணர்வில் ஒப்பமிட்டன.

சாவி முதலில் துருப்பிடித்துத்தான் இருந்தது. வியட்நாம் "போக விடுகிறவர்கள்" என்று ஒரு பட்டியல் போடும். எடுக்கும் நாடு "வர விடுகிறவர்கள்" என்று ஒரு பட்டியல் போடும். இரண்டிலும் பெயர் இருந்தால்தான் விமானம். அமெரிக்கா கேட்டது தன்னோடு வேலை பார்த்தவர்களையும் குடும்பம் அங்கே உள்ளவர்களையும். வியட்நாம் முதலில் நீட்டியது வேண்டாதவர்களை, பெரும்பாலும் சீன வம்சாவளியினரை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் பொதுவான பெயர்கள் மிகச் சொற்பம். அமெரிக்காவுக்கு ஹனோயில் தூதரகமே கிடையாது, ஆகவே கோப்புகள் பாங்காக் அலுவலகத்தில், நேர்காணல் ஹோ சி மின் நகரில், நடுவில் யு.என்.எச்.சி.ஆர். இதில் வெளியேறும் அனுமதித்தாள் வாங்க உள்ளூர் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் கையூட்டு தனி.

இருந்தும் ஓடியது. 1984-ல்தான் முதன்முறையாக விமானத்தில் போனவர்கள் (29,100) படகில் வந்தவர்களை (24,865) மிஞ்சினார்கள். 1986-ல், தேங்கிய பெயர்களை முதலில் எடுங்கள் என்று சொல்லி வியட்நாம் அமெரிக்க நேர்காணல்களை நிறுத்தியது. மறுபடி தொடங்க ஓராண்டுக்கு மேல் ஆனது. கூட்டிப் பார்த்தால் இந்த வழியில் போனவர்கள் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். படகில் வந்து கரை சேர்ந்தவர்கள் 1995 வரை 7 லட்சத்து 96 ஆயிரம். அதாவது சாவி சின்னது அல்ல.

நங்கூரம்

கரையைப் பற்றியே பேச்சு. நடுக்கடலில் சரக்குக் கப்பல் ஒரு படகைப் பார்த்தால் என்ன ஆனது என்று எழுதுகிறேன், ஏற்பாட்டின் மிக நுணுக்கமான பகுதி அதுதான்.

ஆபத்தில் இருப்பவரை மீட்பது கப்பல் தலைவரின் கடமை; பழைய கடல் சட்டம், யாரும் மறுக்கவில்லை. மீட்டவர்களை எங்கே இறக்குவது என்று மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சரக்குக் கப்பலில் 12 பயணிகளுக்கு மேல் இருந்தால் பயணிகள் கப்பல் என்று கணக்கு மாறும். மீட்டவர்களை அந்த எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் காகிதத்தில் சிக்கல் இல்லை. ஆனால் உயிர்காப்புப் படகு, குடிநீர், அரிசி எல்லாம் முப்பது மாலுமிகளுக்கு அளந்தது. அதில் எண்பது பேர் ஏறினால் இரண்டு மூன்று நாளில் அடுத்த துறைமுகம் வந்தே ஆக வேண்டும். அந்தத் துறைமுகம் பெரும்பாலும் சிங்கப்பூர்.

சிங்கப்பூரின் விதி 1978-லிருந்து தெளிவு: ஏதாவது ஒரு நாடு 90 நாளில் அழைத்துக்கொள்ளும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், எந்த நேரத்திலும் மொத்தம் 1,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. முகாம் ஹாக்கின்ஸ் சாலையில். ஆகவே கப்பல் தலைவர் மீட்ட இடம், ஆட்கள் எண்ணிக்கை, ஆண் பெண் பிள்ளை, நோயாளிகள், துறைமுகம் சேரும் நேரம் எல்லாவற்றையும் உரிமையாளருக்கும் முகவருக்கும் கம்பியில்லாத் தந்தி கொடுப்பார். முகவர் யு.என்.எச்.சி.ஆருக்குச் சொல்வார். அவர்கள் கப்பலின் கொடி நாட்டுத் தூதரகத்தைப் பிடித்து உத்தரவாதக் கடிதம் கேட்பார்கள். கடிதம் குடிவரவுத் துறைக்குப் போன பிறகுதான் ஏணி இறங்கும். அதுவரை கப்பல் வெளி நங்கூரத்தில். ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கு நட்டம்.

கொடி பிரிட்டன், நார்வே என்றால் கடிதம் வரும். லைபீரியா, பனாமா என்றால்? அந்தக் கொடிகள் வரி மிச்சத்துக்காக வாங்குவது. ஆளைக் குடியமர்த்த அங்கே யாரும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1979-ல் இறக்குமிடக் குடியமர்த்தல் உறுதி என்ற ஏற்பாடு வந்தது, சுருக்கப்பெயர் டிசெரோ. அமெரிக்கா உட்பட எட்டு மேற்கு நாடுகள் சேர்ந்து, குடியமர்த்தாத நாட்டுக் கொடியுள்ள கப்பல்கள் மீட்டவர்களை நாங்கள் பங்கிட்டு எடுக்கிறோம் என்றன. 1985-ல் ராஸ்ரோ என்று இன்னொன்று. பல நாடுகளின் இடங்களைப் பொதுவில் போட்டு, கொடி நாட்டின் தலையில் மட்டும் சுமை விழாமல் பார்ப்பது. உரிமையாளருக்கு ஏற்பட்ட செலவில் ஒரு பகுதியை யு.என்.எச்.சி.ஆர். திருப்பிக் கொடுத்தது. 1975 முதல் 1990 வரை கடலில் மீட்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 67,000.

சிக்கல் எங்கே? பல கப்பல்கள் படகைக் கண்டும் காணாமல் போயின. தாமதக் கணக்கு மனதில் ஓடும்போது கண் பார்ப்பதில்லை. போர்க்கப்பலும் விலக்கல்ல. 1988 ஜூனில் டுபுக் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல், 110 பேரோடு கிளம்பி எஞ்சின் நின்று மிதந்த படகைக் கண்டது. உணவும் தண்ணீரும் வரைபடமும் கொடுத்துவிட்டு நகர்ந்தது. அந்தப் படகு 37 நாள் கடலில் கிடந்து பிலிப்பைன்ஸின் பொலினாவோவில் சேர்ந்தபோது 52 பேர் மிச்சம். கப்பல் தலைவருக்கு இராணுவ நீதிமன்றம், கடமை தவறிய குற்றம், கண்டனக் கடிதம்.

பாரதிப்பிரியன்

ஜப்பான், பிரிட்டன் பற்றி யாரும் சொல்லவில்லையே. கடற்கொள்ளைக்கு ஏதாவது செய்தார்களா?

சட்டப்புள்ளி

ஜப்பான் பணம் கொடுத்தது, இடம் கொடுக்கவில்லை. யு.என்.எச்.சி.ஆரின் இந்தோசீனச் செலவில் பாதியை ஏற்றது. குடியமர ஒதுக்கிய இடம் 1979-ல் 500. ஆனாலும் இந்த அழுத்தத்தில்தான் 1981-ல் அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்தது. பிரிட்டனில் தாட்சர் அரசு இழுத்தடித்து, ஹாங்காங்கிலிருந்து 10,000 பேரை எடுக்க ஜூலையில் இறங்கி வந்தது. அந்த ஓராண்டில் மட்டும் ஹாங்காங்குக்கு வந்தவர்கள் 68,000-க்கும் மேல் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கொள்ளை: 1981-ல் தாய்லாந்து வந்த 452 படகுகளில் 349 தாக்கப்பட்டன, சராசரியாக ஒவ்வொன்றும் மூன்று முறை. 578 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள், 228 பேர் கடத்தப்பட்டார்கள், 881 பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 1982-ல் 12 நாடுகள் 36 லட்சம் டாலர் போட்டுத் தாய்லாந்துக்கு ரோந்துத் திட்டம் தொடங்கின. அந்த வளைகுடாவின் அகலத்துக்கும் மீன்பிடி விசைப்படகுகளின் கூட்டத்துக்கும் அது யானைப்பசிக்குச் சோளப்பொரி.

மேப்பிள் திண்ணை

கனடா பற்றி ஒரு திருத்தம் போல. "கனடா தாராளம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். 1979 ஜூலையில் ஜோ கிளார்க் அரசு 1980 கடைசிக்குள் 50,000 என்றது. அதில் 8,000 ஏற்கனவே ஒப்புக்கொண்டது. மீதி 42,000-ஐ இரண்டாகப் பிளந்தார்கள்: மக்கள் பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும் அரசு ஒருவரை எடுக்கும், 21,000-க்கு 21,000. ஐந்து பேர் கூடினால், அல்லது ஒரு தேவாலயம் எழுதிக் கொடுத்தால், ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு வீடு, உணவு, உடுப்புப் பொறுப்பு.

தவறு எங்கே வந்தது என்றால், மக்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக முன்வந்தார்கள். சில மாதத்தில் 21,000-ஐத் தாண்டியதும், டிசம்பரில் அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டு மொத்தத்தை 50,000-லேயே நிறுத்தப் பார்த்தது. அதாவது நீங்கள் கூடுதலாக எடுத்தால் நாங்கள் குறைத்துக்கொள்வோம்! பொறுப்பேற்றவர்கள் கொதித்தார்கள். 1980 ஏப்ரலில், ஆட்சி மாறிய பிறகு, அரசுப் பங்கில் 10,000 கூட்டி 60,000 ஆக்கினார்கள். 1986-ல், அகதிகளுக்கு உதவியவர்களுக்கு யு.என்.எச்.சி.ஆர். தரும் நான்சன் பதக்கத்தை "கனடா மக்களுக்கு" என்று கொடுத்தார்கள். அரசுக்கு என்று கொடுக்காததைப் பார்க்கும்போது எனக்கு அந்த டிசம்பர்தான் நினைவுக்கு வரும்.

முத்துநகர்

முதல் கால் நொடித்தது என்று சொல்லிவிட்டுக் கோப்புத்தூசி காணாமல் போய்விட்டாரே. 1989?

கோப்புத்தூசி

வருகிறேன். எண்பதுகளின் நடுவில் எடுக்கும் நாடுகள் ஆற அமரத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தன. படித்தவர், உறவு உள்ளவர் போய்விடுவார். மற்றவர் முகாமில் வருஷக்கணக்கில். ஹாங்காங் 1982 ஜூலையிலேயே மூடிய முகாம் போட்டு, வந்தால் சிறை என்று காட்டிப் பார்த்தது, வருவது நிற்கவில்லை. 1987-88-ல் வடக்கு வியட்நாமிலிருந்தும் புதுக் கூட்டம் கிளம்பியது. ஹாங்காங் 1988 ஜூன் 16 முதல், வந்தவரெல்லாம் அகதி அல்ல, ஒவ்வொருவரையும் விசாரிப்போம் என்றது. மற்ற ஆசியான் நாடுகள் 1989 மார்ச் 14 முதல் என்றன, இந்தோனேசியா மார்ச் 17, பிலிப்பைன்ஸ் மார்ச் 21. ஜூன் 13, 14-ல் ஜெனீவாவில் இதற்கு ஒரு முழுமையான செயல்திட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

தேதிக்கு முன் வந்தவர்கள் சுமார் 50,000 பேர், கேள்வி இல்லாமல் குடியமர்த்தப்பட்டார்கள். பின் வந்தவர்களுக்கு நேர்காணல். ஏறக்குறைய 32,000 பேர் தேறினார்கள், 83,000 பேர் தேறவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் மார்ச் 13, தம்பி மார்ச் 15 என்றால் இருவருக்கும் வேறு வேறு உலகம். விசாரணை தரம் நாட்டுக்கு நாடு மாறியது. சில முகாம்களில் லஞ்சம், பாலியல் வற்புறுத்தல் என்ற புகார்கள் வெளியே வந்தன.

தோற்றவர்களைத் திருப்புவதில்தான் உரசல். ஹாங்காங் 1989 டிசம்பர் 12 விடியலில் 51 பேரை வலுக்கட்டாயமாக ஹனோய்க்கு விமானம் ஏற்றியது. அமெரிக்கா கடுமையாகக் கண்டித்தது. பிரிட்டிஷ்காரர்கள் பதிலுக்கு ஹெய்ட்டியைக் காட்டினார்கள்; அங்கிருந்து வந்த படகுகளை 1981 முதல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடுக்கடலிலேயே திருப்பிக்கொண்டிருந்தது. இதற்கு வாஷிங்டனிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

தாமாகத் திரும்புகிறவருக்கு யு.என்.எச்.சி.ஆர். தவணையாக 360 டாலர் வரை கொடுத்தது. அன்றைய வியட்நாமில் பெரிய தொகை. சிலர் திரும்பிப் போய், பணத்தை வாங்கி, மறுபடி படகேறி ஹாங்காங் வந்தார்கள். தொகையை 240 ஆகக் குறைத்தார்கள். 1991 அக்டோபரில் பிரிட்டனும் வியட்நாமும் கட்டாயத் திருப்பலுக்கு ஒப்பமிட்டன. வட்டாரம் முழுவதுக்கும் 1989-ல் 70,000 பேர் அளவுக்கு வந்த இடத்தில் 1992-ல் படகில் வந்தவர்கள் 41. நாற்பத்தொன்றுதான்.

நங்கூரம்

இந்தத் திட்டம் என் பகுதியை எப்படி உடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலில் மீட்டவருக்குக் குடியமர்த்தல் உறுதி என்பதுதான் டிசெரோ, ராஸ்ரோ இரண்டின் உயிர். 1989-க்குப் பிறகு அவரும் நேர்காணலில் தேற வேண்டும். தேறாவிட்டால் 90 நாளில் யார் எடுப்பார்? உத்தரவாதக் கடிதமே அர்த்தம் இழந்தது. சிங்கப்பூர் இறக்க மறுத்தது, இரண்டு ஏற்பாடும் கிடப்பில் விழுந்தன. விசாரணை வேண்டும் என்று வாதாடியவர்கள் யாரும் இதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பினாங்குப் படகுத்துறை

பிடோங் 1991-ல் மூடப்பட்டது. எஞ்சியவர்கள் கோலாலம்பூர் சுங்கை பெசி முகாமுக்கு. அதுவும் 1996-ல் மூடல். அந்த ஜூன் 30-ல் திட்டம் முடிந்தது. மொத்தம் மலேசியக் கரை தொட்ட படகு மக்கள் 2 லட்சத்து 54 ஆயிரம். அவர்களில் யாரையும் மலேசியா நிலையாகக் குடியமர்த்தவில்லை. அந்த நிபந்தனையில் கடைசி வரை அசையவில்லை.

முத்துநகர்

நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. கையெழுத்தே இல்லாத வாக்குகள் என்கிறீர்கள். யாராவது வாக்குத் தவறினால் கேட்க வழி இருந்ததா?

கோப்புத்தூசி

ஹாங்காங்கைப் பாருங்கள். முகாம் செலவைத் தான் முன்பணமாகப் போட்டு, யு.என்.எச்.சி.ஆர். பிறகு திருப்பித் தரும் என்ற ஏற்பாட்டில் இருந்தது. கடைசி 1,400 பேருக்கு 2000-ல் அங்கேயே தங்க அனுமதி கொடுத்து, பில்லர் பாயின்ட் முகாமையும் மூடினார்கள். வரவேண்டிய பாக்கி 116 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல். நன்கொடை நாடுகள் கொடுத்தால் கொடுக்கிறோம் என்பது யு.என்.எச்.சி.ஆரின் பதில். சட்டமன்றத்தில் பல வருஷம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.